வெட்டிவிட்ட பச்சை வயர்

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் பாதையில், மலைச்சரிவை வெட்டி எடுத்த இடத்தில், பின்சுவர் மண்ணோடு ஒட்டியபடி நிற்கிறது என் கடை. 10க்கு 12 அடி இருக்கும். 22 வருடங்களாக அங்கே வானொலி, டீவி, அம்ப்ளிஃபயர், கம்ப்யூட்டர் பவர் சப்ளை என்று கரண்டில் ஓடும் சாமான்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரு வேலையைப் பற்றி இதுவரை எழுதியதில்லை. புவித்தொடுப்பை, அதாவது பச்சை வயர் வழியாகப் பூமிக்குப் போகும் எர்த்தைப் பற்றி எழுதுவதென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு சித்திரை மாதத்தில், பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு முதல் நாள் மாலை, இரண்டு பையன்கள் ஒரு 250 வாட் அம்ப்ளிஃபயரைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூத்தவன் சொன்னான்: "அண்ணே, ஒரே இரைச்சல். பச்ச வயர வெட்டி விட்டா போயிரும்னு சவுண்ட் சர்வீஸ்காரங்க சொன்னாங்க. நாளைக்குத் திருவிழா, கொஞ்சம் பாத்துக் குடுங்க." நான் பிளக்கைத் திறந்தேன், பச்சை வயரை அடியோடு வெட்டி, நுனிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றி, மூடிக் கொடுத்தேன். பையன்கள் சந்தோஷமாகப் போனார்கள். நானும் ஐந்து நிமிடத்தில் ஒரு வேலையை முடித்துவிட்ட திருப்தியோடு கடையைச் சாத்தினேன்.

மறுநாள் இரவு மழை தூறிக்கொண்டிருக்க, பஜனை பாட வந்த 17 வயதுப் பிள்ளை வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று மைக்கைக் கையில் வாங்கி, உதட்டருகே கொண்டுபோனதும் அலறி விழுந்தாள். மேடையின் விளிம்பில் கை அடிபட்டு முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மைக்கின் உலோகக் கூடு, கேபிளின் வெளிப்பின்னல் வழியாக அம்ப்ளிஃபயரின் தகரப் பெட்டியோடு இணைந்திருந்தது. அந்தப் பெட்டிக்கும் பூமிக்கும் இடையில் இருந்த நேரான பாதையை முதல் நாள் மாலை என் குறடுதான் வெட்டியிருந்தது.

அம்ப்ளிஃபயரை மறுநாள் கடைக்கு எடுத்து வந்து, கடன் வாங்கிய, மெகர் என்ற இன்சுலேஷன் சோதனை மீட்டரால் 500 வோல்ட் கொடுத்து, டிரான்ஸ்ஃபோமரின் முதன்மைச் சுற்றுக்கும் பெட்டிக்கும் இடையில் இருந்த தடையை அளந்தேன். 1 மெகாஓமுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 0.04 மெகாஓம், அதாவது 40,000 ஓம்தான் இருந்தது. பல மழைக்காலங்களை ஸ்டோர் ரூமில் கழித்த டிரான்ஸ்ஃபோமரின் காவலி, அதாவது இன்சுலேஷன், ஈரம் குடித்துக் கெட்டுப்போயிருந்தது. 230 வோல்ட்டை 40,000 ஓமால் வகுத்தால் 5.75 மில்லிஅம்பியர் வருகிறது. தூறலில் நனைந்த இரவில் அதைவிடக் கூடவே கசிந்திருக்கும். 1 மில்லிஅம்பியரை உடம்பு உணர்கிறது, 10 மில்லிஅம்பியர் அளவில் பிடித்ததை விட முடியாமல் கை இறுகிக்கொள்கிறது, 30 மில்லிஅம்பியரைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தால் இதயத்தின் துடிப்பே குழம்பிவிடும். பச்சை வயர் இருந்திருந்தால் அந்த 5.75 மில்லிஅம்பியரும் சத்தமில்லாமல் மண்ணுக்குப் போயிருக்கும். மைக்கில் ஒன்றும் தெரிந்திருக்காது. இந்தக் கணக்கு எனக்கு முன்பே தெரியும். வெட்டும் நேரத்தில் அதைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

பாடசாலைப் புத்தகத்தில் உயிர்க்கம்பி, நொதுமல் கம்பி, புவிக்கம்பி என்று படித்ததைக் கடையில் நாங்கள் லைவ், நியூட்ரல், எர்த் என்கிறோம். எங்கள் நாட்டு வீடுகளுக்கு மின்சாரத் தூணிலிருந்து வருவது லைவும் நியூட்ரலும் மட்டுந்தான். எர்த்தை ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் நிலத்தில் தானே செம்புக் கம்பி இறக்கி உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இதில் பலருக்கு விளங்காத ஒரு விடயம் இருக்கிறது. மண்ணின் வழியாகத் திரும்பும் பாதையில் மொத்தம் 20 ஓம் தடை இருந்தால், லைவ் வயர் அப்படியே பெட்டியில் பட்டாலும் 11.5 அம்பியர்தான் ஓடும். 13 அம்பியர் ஃபியூஸ் அதற்கு உருகாது. பெட்டியும் கரண்டைத் தாங்கிக்கொண்டே நிற்கும். ஆகவே இங்கே எர்த் கம்பி மட்டும் போதாது, போகும் கரண்டுக்கும் திரும்பும் கரண்டுக்கும் இடையில் 30 மில்லிஅம்பியர் வித்தியாசம் வந்தாலே விழுந்துவிடுகிற ட்ரிப் சுவிட்சும் கட்டாயம் வேண்டும். ட்ரிப் சுவிட்ச் இருந்து எர்த் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. அப்போதும் அது விழும். ஆனால் கசிவுக்குப் பாதை கிடைத்த பிறகுதான் விழும், அந்தப் பாதை பெட்டியைத் தொட்ட ஆளின் உடம்பாக இருக்கும்.

தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்களின் காம்பராக்களுடைய நிலைமையைச் சொல்லாமல் மலையகத்தில் எர்த்தைப் பற்றிப் பேச முடியாது. லக்சபான நீர்மின் நிலையம் 1950இலிருந்து மின்சாரம் தருகிறது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் எங்கள் பள்ளத்தாக்குகளில்தான் தேங்கி நிற்கின்றன. அந்தத் தண்ணீரில் பிறந்த கரண்ட் லயத்துக் கூரைகளுக்கு மேலாகக் கொழும்புக்குப் போய்க்கொண்டிருக்க, கீழே குப்பி விளக்கில் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர், நானும் அவர்களில் ஒருவன். பிறகு கரண்ட் வந்தபோதும் பல இடங்களில் அரைகுறையாகத்தான் வந்தது. ஒரு காம்பராவுக்கு மீட்டர் இருக்கும். அதிலிருந்து அடுத்த காம்பராவுக்கு இரண்டு இழை வயர் ஒன்று சுவரைத் துளைத்துப் போகும். அதற்கும் அடுத்த காம்பராவுக்கு இன்னொன்று. இரண்டு இழை வயரில் எர்த்துக்கு இடமே இல்லை. கடைசிக் காம்பராவில் மூன்று துளை சொக்கெட் அழகாகப் பூட்டியிருக்கும், ஆனால் மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. எர்த் துளைக்குள் தீக்குச்சியையோ பேனா முனையையோ விட்டு அமுக்கி, மற்ற இரண்டு துளைகளின் மூடிகளைத் திறந்து, இரண்டு முனைப் பிளக்கைத் திணிக்கிற பழக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. எர்த் முனை முதலில் நுழைந்தால்தான் கரண்ட் துளைகள் திறக்க வேண்டும் என்று யோசித்துச் செய்த ஓர் அமைப்பைச் சின்னப் பிள்ளைகள்கூட ஒரு குச்சியால் தோற்கடித்துவிடுகிறார்கள்.

எர்த் இல்லை என்று சொன்னால் உடனே இரண்டு யோசனைகள் வரும். இரண்டுமே கெட்டவை. ஒன்று, தண்ணீர்க் குழாயில் வயரைக் கட்டுவது. பழைய இரும்புக் குழாய் எங்காவது உடைந்து நடுவில் பிளாஸ்டிக் குழாய் போட்டு ஒட்டப்பட்டிருந்தால், கட்டிய வயர் பூமிக்குப் போகாது, தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போகும். அங்கே குடத்தோடு ஈரத்தில் நிற்கிறவர்களின் கைக்குப் போகும். மற்றது, பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது. தூணிலிருந்து வரும் நியூட்ரல் காற்றில் அறுந்த அன்றைக்கு அந்தப் பெட்டி முழுவதும் லைவ் ஆகிவிடும். லைவும் நியூட்ரலும் மாறிப்போன ஒரு சொக்கெட்டில் செருகினால் அந்த நிமிடமே ஆகிவிடும். இப்படிச் செய்யப்பட்ட பிளக்குகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. திறந்த மாத்திரத்தில் அவற்றை வெட்டி எறிந்துவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பேன். வாடிக்கையாளரிடம் அனுமதி கேட்பதில்லை.

இதுவரை சொன்னது வீட்டில் ஓடும் சாமானுக்கு. மேசையில் திறந்து போட்டிருக்கும் சாமானுக்கு வந்தால் கதை தலைகீழாகிறது. வீட்டில் நம்மைக் காக்கிற எர்த், திருத்துகிறவனின் உடம்போடு சேர்ந்துகொண்டால் அவனுக்கே எமனாகிவிடும். திறந்த பவர் சப்ளையில் லைவ் எங்கும் கிடக்கிறது. அதை ஒரு விரல் தொட்டால், மற்றக் கை எர்த் ஆன ஒரு பெட்டியில் ஊன்றியிருந்தால், கரண்ட் நெஞ்சுக்குக் குறுக்காகப் போகிறது. ஈரக் கையின் தடை 1,000 ஓம் என்று வைத்தால் 230 மில்லிஅம்பியர். எங்கள் ஊரில் ஜூன், ஜூலை மாதங்களில் சீமெந்துத் தரையே வியர்க்கும். அந்தத் தரையில் வெறுங்காலோடு நிற்பது பூமியைக் காலில் கட்டிக்கொண்டு நிற்பதற்குச் சமம். அதனால் என் மேசைக்கு முன்னால் பலகையும், அதற்கு மேல் தடித்த ரப்பர் விரிப்பும் கிடக்கின்றன. கரண்ட் இருக்கும்போது அளக்க வேண்டி வந்தால் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். மோதிரமும் கைக்கடிகாரமும் மேசை லாச்சிக்குள் போய்விடும். கடையில் என்னைத் தவிர இன்னொருவர் இல்லாத நேரத்தில் திறந்த சாமானுக்குக் கரண்ட் கொடுப்பதில்லை; அந்த இன்னொருவருக்கு மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதும், அதை நிப்பாட்டுவதற்கு முன் என்னைத் தொடக் கூடாது என்பதும், 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலாக நான் நம்புவது மேசைக்குக் கீழே இருக்கும் 500 வோல்ட்அம்பியர் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபோமரை. 230 போகும், 230 வரும். பார்ப்பதற்கு வீண் செலவு போலத் தெரியும். ஆனால் அதன் இரண்டாம் சுற்றுக்கும் பூமிக்கும் எந்தத் தொடர்பும் இல்லாததால், அதிலிருந்து வரும் ஒரு வயரைத் தெரியாமல் தொட்டாலும் கரண்டுக்குத் திரும்பிப் போகப் பாதை கிடையாது. இந்த ஒரு குணத்துக்காகத்தான் அது அங்கே இருக்கிறது. அதன் வெளிப்பக்கத்தில் எந்த முனையையும் எர்த்தோடு இணைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். இரண்டு வயரையும் ஒன்றாகத் தொட்டால் அது காப்பாற்றாது. அதன் வெளிப்பக்கத்தில் நடப்பது ட்ரிப் சுவிட்சின் கண்ணில் படுவதே இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு சாமான்களை அதில் மாட்டவும் கூடாது, ஏனென்றால் ஒன்றின் பழுது மற்றதைத் தொடுகிறவரைப் பிடிக்கும்.

வோல்டேஜ் விழுவது இங்கே நாளாந்தத் தொல்லை என்பதால் எல்லார் வீட்டிலும் ஸ்டெபிலைசர் இருக்கிறது. "எங்கிட்ட ஸ்டெபிலைசர் இருக்கு, அதுலயும் டிரான்ஸ்ஃபோமர்தானே இருக்கு, அது போதாதா?" என்று தொழில் பழக வந்த ஒரு தம்பி கேட்டான். அதற்குள் இருப்பது உள்வரும் சுற்றும் வெளிச்செல்லும் சுற்றும் ஒரே சுருளாக இருக்கிற தன்மாற்றி. வோல்டேஜைத் திருகி மாற்றும் வேரியாக்கும் அப்படித்தான். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்குமே தவிர, பூமியிலிருந்து பிரிக்காது. மல்டிமீட்டரை ஓமில் வைத்து உள்பிளக்கின் முனைக்கும் வெளிச்சொக்கெட்டுக்கும் இடையில் அளந்து பார்க்கச் சொன்னேன். இரண்டு ஓம் காட்டியதும் அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். அவன் அன்றுவரை அந்த ஸ்டெபிலைசரை நம்பித்தான் திறந்த டீவிக்குள் கை விட்டுக்கொண்டிருந்தான்.

மின்னலையைத் திரையில் காட்டும் ஒஸிலஸ்கோப் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எனக்குத் தொழில் சொல்லித் தந்த மாஸ்டரின் பழைய ஒஸிலஸ்கோப்பின் பிளக்கில் எர்த் முனை கிடையாது, அறுத்து எடுத்திருந்தார். காரணம் கேட்டதற்கு, "எர்த் இருந்தா கிளிப்ப வைக்க முடியாதுடா, டமார்னு போயிரும்" என்றார். அவர் சொன்னது பாதி சரி. புரோபின், அதாவது அளக்கும் வயரின், கறுப்புக் கிளிப் கருவிக்குள் நேராக எர்த்தோடு இணைந்திருக்கிறது. நேரே கரண்டிலிருந்து ஓடும் பவர் சப்ளையின் சூடான பக்கத்தில், அதாவது கரண்டோடு நேராக இணைந்த பக்கத்தில், ஏசியை டீசியாக்கும் டையோட் பாலத்துக்குப் பிறகு வரும் மைனஸ் கோடு பூமிக்குச் சமமாக இருப்பதில்லை. ஒவ்வொரு முழுச் சுற்றிலும் ஒரு பாதியில் அது பூமிக்குக் கீழே 325 வோல்ட் வரை போய் வரும். அங்கே கிளிப்பை வைத்தால் டையோட் ஒன்றின் வழியாக லைவ் நேராக எர்த்தோடு சேர்கிறது. ட்ரிப் விழும், அல்லது கிளிப்பும் டையோடும் கருகும். ஆனால் அதற்குப் பரிகாரமாக ஒஸிலஸ்கோப்பின் எர்த்தை அறுத்தால், கிளிப் தொடுகிற வோல்டேஜ் எதுவோ அதுவே கருவியின் உலோகச் சட்டத்துக்கும், முகப்பில் இருக்கும் சொக்கெட் வளையங்களுக்கும் வந்துவிடும். மாஸ்டர் அந்தக் கருவியைப் பல வருடம் விரல் நுனியால் மட்டுமே தொட்டுப் பழகியிருந்தார். புதிதாக வருகிற பையனுக்கு அது எப்படித் தெரியும்?

அளக்கும் கருவியின் எர்த்தைத் தொடாதீர்கள்; அளக்கப்படும் சாமானைத் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபோமரில் மாட்டுங்கள். அப்போது கிளிப்பை மைனஸ் கோட்டில் வைத்தாலும் வெடிக்காது. ஆனால் இங்கே ஒளிந்திருக்கும் ஒன்றை எத்தனை பேருக்குச் சொல்லியும் எனக்குப் போதவில்லை: கிளிப்பை வைத்த அந்தக் கணத்தோடு டிரான்ஸ்ஃபோமர் தந்த தனிமை போய்விட்டது. நீங்களே அந்தச் சுற்றின் ஒரு முனையைப் பூமியோடு கட்டிவிட்டீர்கள். இனி அந்தச் சர்க்கிட் பலகையில் உள்ள மற்ற எந்தப் புள்ளியைத் தொட்டாலும் ஒரு விரலே போதும். ஆகவே கிளிப்பை வைப்பதும் எடுப்பதும் கரண்டை நிப்பாட்டிய பிறகு. கரண்ட் இருக்கும்போது கை மேசைக்கு வெளியே. வசதி இருப்பவர்கள், எர்த்தோடு சேராமல் இரண்டு புள்ளிகளின் வித்தியாசத்தை மட்டும் அளக்கும் வித்தியாச புரோப் வாங்கிவிடுவதுதான் நல்லது. நான் மூன்று வருடம் சேமித்து வாங்கினேன், வாங்கிய பிறகு ஒரு நாளும் வருந்தியதில்லை.

கரண்டை நிப்பாட்டிப் பிளக்கைக் கழற்றியதோடு ஆபத்து முடிந்தது என்று நினைத்து அடிவாங்கியவர்கள் நிறைய. 325 வோல்ட்டில் நிரம்பிய 220 மைக்ரோஃபரட் கொள்ளளவியில் (கப்பாசிட்டர்) ஏறக்குறைய 11.6 ஜூல் சக்தி தேங்கி நிற்கும். ஸ்குரூடிரைவரால் குறுக்கே தட்டி இறக்குவது கொள்ளளவிக்கும் கண்ணுக்கும் கேடு. 10 கிலோஓம், 5 வாட் தடையி (ரெசிஸ்டர்) ஒன்றுக்கு இரண்டு காவலிட்ட முனைகள் பூட்டி வைத்திருக்கிறேன். 15 விநாடி வைத்துப் பிடித்து, பிறகு மீட்டரால் பார்த்துவிட்டே கை வைப்பேன். பழைய குழாய் டீவிகளின் கண்ணாடிக்கு 25,000 வோல்ட் அளவில் போகும், அதை இறக்குவதற்குத் தனி முறை உண்டு. இப்போது அவை அரிதாகத்தான் வருகின்றன. நிலைமின்னுக்காகக் கையில் கட்டும் பட்டியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதற்குள் 1 மெகாஓம் தடையி இருக்கிறது, 230 வோல்ட் பட்டாலும் 0.23 மில்லிஅம்பியர்தான் ஓடும். ஆனால் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பட்டிகளில் அந்தத் தடையி இல்லாதவற்றையும் நான் அளந்து பார்த்திருக்கிறேன். எப்படியிருந்தாலும் பட்டி கட்டுவது கரண்ட் இல்லாத பலகைக்கு மட்டும்.

மழைக்காலத்தில் கடைக்கு வருகிற பேச்சு ஒன்று உண்டு: "டிஷ்ஷு ஷொக் அடிக்குது." தகரக் கூரையில் ஏறி டிஷ்ஷைத் திருப்பப் போனவருக்குக் கை கூசியிருக்கும். டீவிப் பெட்டியின் பவர் சப்ளையில், சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் நடுவில் வை வகைக் கொள்ளளவி என்று ஒரு சின்ன நீலத் துண்டு இருக்கிறது. 2.2 நனோஃபரட் என்றால் 230 வோல்ட், 50 ஹேட்ஸில் அதன் வழியாகக் கூடியது 0.16 மில்லிஅம்பியர் கசியும். எர்த் இல்லாத கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் கூசுவதற்கும் காரணம் இதன் சகோதரர்கள்தான். லைவிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு கொள்ளளவிகள் பெட்டியில் வந்து சேர்வதால், எர்த் அறுந்த பெட்டி நடுவில், 115 வோல்ட் அளவில் தொங்கிக்கொண்டு நிற்கும். மீட்டரில் 100க்கு மேல் காட்டுவதைப் பார்த்துப் பயந்து ஓடுவதும் சரியில்லை, "கூசத்தான் செய்யும், ஒன்றும் ஆகாது" என்று எல்லாவற்றையும் தட்டிக்கழிப்பதும் சரியில்லை. நான் செய்வது இதுதான்: பெட்டிக்கும் நல்ல எர்த்துக்கும் இடையில் 2 கிலோஓம் தடையி ஒன்றை மாட்டி, அதற்குக் குறுக்கே ஏசி வோல்டேஜை அளக்கிறேன். 1 வோல்ட் காட்டினால் 0.5 மில்லிஅம்பியர் கசிகிறது. அரை வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அது கொள்ளளவியின் இயல்பான கசிவு. பல வோல்ட் காட்டினால் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது, அந்தச் சாமான் என் கடையை விட்டு வெளியே போகாது.

அந்த நீலத் துண்டு இடியில் வெடித்துப்போவது இங்கே சகஜம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிக்குப் பிறகு வரும் பவர் சப்ளைகளில் அடிக்கடி பார்க்கிறேன். அதன் இடத்தில் 1 கிலோவோல்ட் என்று எழுதிய சாதாரணப் பீங்கான் கொள்ளளவியைப் போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். சாமான் ஓடும், வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் வை1, வை2 என்று அச்சிட்டவை, ஒன்றாக ஒட்டிப்போய் லைவை மறுபக்கம் விட்டுவிடாத வகையில் செய்து சோதிக்கப்பட்டவை. சாதாரணமானதற்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அடுத்த இடியில் அது ஒட்டிப்போனால் தகரக் கூரை முழுவதும் லைவ். சில ரூபாய் வித்தியாசத்துக்காக இப்படி ஒரு வேலையை எப்படிச் செய்ய மனம் வருகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கடையின் சொந்த எர்த்துக்கு வருகிறேன். மலையில் எர்த் கம்பி இறக்குவது கஷ்டமான வேலை. நான்கடிக் கம்பியை அடித்தால் இரண்டடியில் கல்லில் மோதி வளைந்துவிடும். வளைந்ததை மேலே அறுத்துவிட்டு நான்கடி இறங்கியது போலக் காட்டிவிட்டுப் போகிற வயர்மேன்களும் உண்டு. என் கடைக்கு முதலில் அப்படித்தான் செய்திருந்தார்கள். கல்லில் இறங்காத இடத்தில், இரண்டடி ஆழத்துக்கு நீளமாகக் கான் (வாய்க்கால்) வெட்டி, செம்புப் பட்டியைப் படுக்கையாகப் புதைக்கலாம். அல்லது ஈரம் தங்குகிற இரண்டு இடங்களில், கம்பியின் நீளத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு, இரண்டு கம்பிகளை இறக்கிச் சேர்க்கலாம். நான் கடைக்குக் கீழே, கான் ஓரத்து மண்ணில் இரண்டை இறக்கினேன். உப்புக் கொட்டினால் நல்லது என்பார்கள். முதல் வருடம் நன்றாக இருக்கும், பிறகு மழை உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும், அதற்குள் கம்பியையும் கிளாம்பையும் அரித்துவிட்டுப் போயிருக்கும்.

ட்ரிப் சுவிட்சில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை அமுக்கி, அது விழுவதைப் பார்த்து, "எர்த் நல்லா இருக்கு" என்று சொல்வதைத் தொழில்காரர்களிடமே கேட்டிருக்கிறேன். அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிப்பதில்லை. சுவிட்சுக்குள்ளேயே ஒரு தடையி வழியாகக் கொஞ்சம் கரண்டைத் திருப்பிவிட்டு, விழும் பொறி வேலை செய்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. எர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அது விழும். லைவுக்கும் எர்த்துக்கும் நடுவில் 15 வாட் பல்ப் போட்டுப் பார்க்கும் வழக்கமும் உண்டு. எர்த் நன்றாக இருந்தால் 65 மில்லிஅம்பியர் போய் ட்ரிப் விழும் என்பது உண்மைதான். எர்த் அறுந்திருந்தால், அந்தப் பல்ப் வழியாகக் கடையிலுள்ள எல்லா இரும்புப் பெட்டிகளுக்கும் நீங்களே லைவ் கொடுத்தவர்களாவீர்கள். ஆகையால் அதைச் செய்யாதீர்கள். எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் வயர்மேனைக் கூப்பிட்டு, மழை இல்லாத மாசியில் அளந்துகொள்ளுங்கள். ஈர மண்ணில் வரும் நல்ல கணக்கு காய்ந்த மண்ணில் நிற்காது.

திருத்தி முடித்த சாமானை மூடும்போது, எர்த் வந்து பெட்டியில் பூட்டும் இடத்தை நான் கடைசியாக ஒரு முறை பார்க்கிறேன். அங்கே பெயின்ட் சுரண்டப்பட்டு வெறும் தகரம் தெரிய வேண்டும்; வயரின் நுனியில் வளையம் அழுத்திப் பூட்டியிருக்க வேண்டும்; அதன்மேல் பல்லுள்ள வொஷர், அதன்மேல் நட். டிரான்ஸ்ஃபோமரைத் தாங்கும் போல்ட்டிலேயே எர்த்தையும் பூட்டினால், அடுத்த முறை டிரான்ஸ்ஃபோமரைக் கழற்றுகிறவர் எர்த்தை மறந்துவிடுவார், ஆகவே அதற்கென்று தனி போல்ட். பிளக்குக்குள் பச்சை வயரை மற்ற இரண்டையும்விட ஒரு விரற்கடை நீளமாக விடுகிறேன். யாராவது வயரைப் பிடித்து இழுத்து, பிடிப்பு நழுவினாலும், லைவ் கழன்ற பிறகுதான் எர்த் கழல வேண்டும்.

இத்தனையும் செய்துவிட்டு மல்டிமீட்டரில் பீப் சத்தம் கேட்டால் போதும் என்று முன்பு நினைத்திருந்தேன். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட். வயருக்குள் இருக்கும் இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் அது பீப் அடிக்கும். ஒரு நாள் அப்படிப் பீப் அடித்த வயரை மடித்துப் பார்த்தபோது, பிளக்கின் கழுத்தில் மயிரிழை போல ஒற்றைச் செம்புக் கம்பி மட்டும் நின்றதைக் கண்டேன். அதற்குப் பிறகு ஒரு 12 வோல்ட் மோட்டர்சைக்கிள் பட்டரியையும் 55 வாட் ஹெட்லைட் பல்பையும் மேசையில் வைத்துக்கொண்டேன். சாமான் கரண்டில் இருந்து முழுவதும் கழற்றப்பட்டிருக்க, பட்டரியிலிருந்து பல்ப், பல்பிலிருந்து பிளக்கின் எர்த் முனை, சாமானின் பெட்டியிலிருந்து மீண்டும் பட்டரி என்று சுற்றை மூடினால் நாலரை அம்பியர் அளவில் ஓடும். எர்த் முனைக்கும் பெட்டிக்கும் இடையில் மீட்டரை வைத்தால் 0.45 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது, அதுதான் 0.1 ஓம். பல்ப் எரியும்போதே வயரின் நீளம் முழுவதையும் அங்கங்கே வளைத்துப் பார்க்கிறேன். வெளிச்சம் ஒரு முறை கண் சிமிட்டினால் அந்த வயர் குப்பைக்கு.

அந்த அம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபோமரை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். இரைச்சலின் காரணத்தையும் அப்போதுதான் உண்மையாகத் தேடினேன். மிக்ஸர் கோயிலுக்குள் ஒரு சொக்கெட்டிலும் அம்ப்ளிஃபயர் வெளியே மண்டபத்தில் இன்னொரு சொக்கெட்டிலும் மாட்டியிருந்தார்கள்; இரண்டு எர்த்தும் ஒன்றுக்கொன்று சமமாக இல்லாததால், கேபிளின் வெளிப்பின்னல் வழியாக ஒரு சின்னக் கரண்ட் ஓடி, அதுதான் 50 ஹேட்ஸ் இரைச்சலாகக் கேட்டிருக்கிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டச் சொன்னதும் முக்கால்வாசி நின்றது. மிச்சத்துக்கு, பாட்டு வரும் கேபிளின் நடுவில் ஒன்றுக்கு ஒன்று (1:1) விகிதமுள்ள ஒலி டிரான்ஸ்ஃபோமர் ஒன்றைப் பூட்டினேன். சத்தம் காந்தத்தின் வழியாகக் கடக்கும், எர்த்துக்கு அங்கே பாதை இல்லை. அன்று பையன்கள் வந்தபோதே இதைச் செய்திருந்தால் ஒரு மணித்தியாலம் கூடப் பிடித்திருக்கும். கோயில் கமிட்டியிடம் பேசி, கோயிலின் மெயின் பெட்டியில் ட்ரிப் சுவிட்சும், மண்டபத்துக்குப் பின்னால் புதிய எர்த் கம்பியும் போடவைத்தோம்.

கை முறிந்த பிள்ளையின் வீட்டுக்கு நான் போனபோது, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவளுடைய அம்மா கொழுந்துக்குப் போய் வந்த ஈரத்தோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. "அப்போ எங்க காம்பராவுல இருக்கிற டீவியையும் ஒரு தடவ வந்து பாத்துருங்க தம்பி" என்றார். அவர்கள் சொக்கெட்டைத் திறந்தேன். மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அன்று மாலையே மீட்டர் இருந்த காம்பராவிலிருந்து மூன்று இழை வயர் இழுத்து, லயத்துக்குப் பின்னால் பீலிக்கு எட்டாத தூரத்தில், மண் ஈரமாக இருந்த இடத்தில் கம்பியை அடிக்கத் தொடங்கினோம். இரண்டடியில் கல் தட்டியது. பக்கத்தில் மாற்றி அடித்தோம். மூன்றாவது இடத்தில்தான் முழுவதும் இறங்கியது.